சின்னதா, பெருசா

கறிக்கடைக்காரர் கத்தியைக் கட்டையில் ஊன்றிக்கொண்டு, "சின்னதா, பெருசாங்க?" என்று கேட்டார். துண்டைத்தான் கேட்டார். அந்தக் கடையில் தொங்கியது மாட்டுக்கறி மட்டும்தான், வேறு எதைக் கேட்கப் போகிறார்? ஆனாலும் எனக்கு அது வேறு கேள்வியாகக் கேட்டது. பக்கத்தில் நின்ற மகள், "சின்னதாவே போடுங்கண்ணே, நீளவாக்குல" என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் முந்தானையைத் தலையோடு இழுத்துப் போட்டுக்கொண்டு, தெரிந்த முகம் ஏதாவது தெருவில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்தைந்து வயது. ஓய்வு பெற்ற ஆசிரியை. தஞ்சாவூரில் சொந்த வீடு. என்னைக் கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. இருந்தும் கறிக்கடையில் ஒளிந்து நிற்கிறேன்.

மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். மாதம் ஒருமுறை வருவாள். வரும்போது செல்போனில் பார்த்த ஏதாவது ஒரு சமையலையும் கூடவே கொண்டுவருவாள். இந்த முறை பை நிறைய சீஸ். ரைஸ் பவுல் செய்யப் போகிறாளாம். கிண்ணத்தில் சோறு, சோற்றின் மேல் வறுத்த மாட்டுக்கறி, கறியின் மேல் சீஸ் சாஸ்.

"சோறும் கறியும்தானே. அதுக்கு எதுக்குடி இங்கிலீஷ் பேரு?" என்று கேட்டேன்.

"பேரை மாத்தினாத்தாம்மா உன் அடுப்புல ஏறும்" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் அடுப்பில் மாட்டுக்கறி ஏறியதே இல்லை. நாங்கள் என்ன சாதி என்பது மகளுக்குத் தெரியும். சான்றிதழ் வாங்க அவளைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப் போய் வரிசையில் நின்றவள் நான்தான். ஆனால் சின்ன வயதிலிருந்தே, "நமக்கு அது பழக்கமில்லை" என்று சொல்லி வளர்த்தேன். கல்லூரி விடுதியில் ஒரு கேரளத்துப் பெண் கொடுத்துத்தான் அவள் முதலில் சாப்பிட்டாள். அதை என்னிடம் சொல்ல ஆறு மாதம் தயங்கினாள். தான் என்னவோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டது போலத் தயங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் கறியை அலசி, சட்டியில் போட்டு, செம்பில் தண்ணீரை எடுத்தாள்.

"தண்ணி ஊத்தாதே" என்றேன். "அதுவே தண்ணி விடும். மூடி போட்டு வேகவை. தண்ணி சுண்டினப்புறம்தான் எண்ணெய். மிளகு கடைசியில."

அவள் செம்பைக் கீழே வைத்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வாய் எப்போதும் இப்படித்தான், என்னைக் கேட்காமலே பேசிவிடும்.

மகள் இன்னொரு அடுப்பில் வெண்ணெயை உருக்கி, ஒரு கரண்டி மைதாவைப் பச்சை வாசம் போக வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்டினாள். கூழ் பதம் வந்ததும் துருவிய சீஸைக் கொட்டினாள். அது உருகிக் கரண்டியோடு இழுபட்டது. அந்த வாடை எனக்குப் பிடிக்கவில்லை. மோர்ப்பானையை இரண்டு நாள் கழுவாமல் வைத்தது போல ஒரு புளிப்பு. பக்கத்துச் சட்டியில் கறி தண்ணீர் விட்டு, தண்ணீர் சுண்டி, எண்ணெயில் வதங்க ஆரம்பித்திருந்தது. அந்த வாசம் எனக்குத் தெரிந்த வாசம். நாற்பது வருஷமாக என் வீட்டுக்குள் வராத வாசம்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள் மகள்.

டிவியில் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கறிக்கடைக்காரரின் கேள்வி காலையிலிருந்து காதிலேயே நின்றது. அடுப்படியில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னேன்.

எனக்கு முதல் வேலை குத்தாலம் பக்கம் ஒரு கிராமத்தில், தொடக்கப் பள்ளியில். சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவர்கள். வேலையில் சேர்ந்த அன்று தலைமை ஆசிரியர் என் பதிவேட்டை இரண்டு முறை புரட்டிவிட்டு மூடினார். நல்ல மனிதர், பயந்த மனிதர்.

"யாரு கேட்டாலும் வேதாரண்யம்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல கேட்டா அப்பாவுக்கு உப்பு வியாபாரம்னு சொல்லிடுங்க. இங்க நெலவரம் சரியில்லை" என்றார்.

நிலவரம் என்று அவர் சொன்னது அறுப்புக் கூலித் தகராறு. சேரி ஆட்கள் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டிருந்தார்கள். நிலக்காரர்கள் தரமாட்டேன் என்று வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். வாய்க்கால் மதகுப் பக்கம் போலீஸ் வேன் நின்றது. ஏழைகளின் ஆட்சி என்று ஊரில் எல்லாச் சுவரிலும் கழகத்தார் எழுதியிருந்தார்கள். சுவரில் தகராறு இல்லை, வயலில் யார் ஆட்சி என்பதில்தான் தகராறு.

எனக்கு வாடகைக்கு வீடு கொடுத்தது மிராசுதார் வீட்டம்மா. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்.

"வேதாரண்யங்க. அப்பாவுக்கு உப்பு வியாபாரம்."

"ஓ, அப்படியா" என்று அவராகவே ஏதோ கணித்துக்கொண்டு சாவியைத் தந்தார். அவர்களே எனக்கு ஒரு சாதியைக் கொடுத்துவிட்டார்கள். நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

கறி என்ற சொல்லும் எனக்கு ரொம்ப உதவியது. அக்கிரகாரத்தில் கறி என்றால் வாழைக்காய். மிராசுதார் தெருவில் கறி என்றால் ஆடு. எங்கள் தெருவில் கறி என்றால் மாடு. லீவு முடிந்து ஊரிலிருந்து வந்தால், "என்ன டீச்சர், அம்மா கையால என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பார்கள். "கறிங்க" என்பேன். கேட்டவர் அவரவருக்குத் தெரிந்த கறியை நினைத்துக்கொள்வார். ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லாமல் முழுப் பொய்யாக அந்த ஊரில் இருந்தேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, கெட்டிக்காரி என்று.

சத்துணவு வந்த புதிது. எங்கள் பள்ளிக்குச் சமையல்காரராக வந்தவர் அந்தச் சேரிப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவர் வீட்டுக்காரர்தான் சங்கத்தில் முன்னால் நிற்கிறவர். முதல் வாரம் பாதிப் பிள்ளைகள் தட்டே கொண்டுவரவில்லை. பிறகு பிள்ளைகளுக்குப் பசி தாங்கவில்லை, சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். தெருக்காரர்களால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கூலி கேட்கிறவன் பெண்டாட்டி கையால் நம் பிள்ளை சாப்பிடுவதா என்று பேச்சு. ஆனால் அவள் கையால் வேண்டாம் என்று மனுவில் எழுத முடியாது. எழுதினால் எழுதியவன் மேலேயே வழக்கு திரும்பும். சுத்தமில்லை என்று எழுதலாம். அதற்கு ஏதாவது கையில் சிக்க வேண்டும். காத்திருந்தார்கள்.

ஒருநாள் மத்தியானம், பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, நான் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றும் சாம்பார் சோறு. அலுப்பில் வாய் தவறிவிட்டது. "வாய்க்கு ருசியா கறி சாப்பிட்டு எத்தனை நாளாச்சு" என்றேன்.

சமையல்காரம்மா மறுநாளைக்கான அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "சின்னதா, பெருசா?" என்று கேட்டார்.

"பெருசுதான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. மிராசுதார் தெருவில் பிறந்த பெண்ணாக இருந்தால், "என்னது சின்னது?" என்று திருப்பிக் கேட்டிருப்பாள். சின்னக் கறி ஆடு, பெரிய கறி மாடு என்பது இரண்டையும் தின்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்லும் தப்பை எங்கள் ஆட்கள் மட்டும்தான் செய்ய முடியும். நான் செய்துவிட்டேன்.

அவர் ஒரு கல்லைப் பொறுக்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார். "அப்பவே நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான். யாருக்கும் சொல்லவில்லை. என்னை எதுவும் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஒரு சின்ன அலுமினியத் தூக்கு வந்தது. ஞாயிறு வீட்டில் சமைத்த பெரிய கறி, மிளகும் சோம்பும் போட்டுச் சுக்காவாக வறுத்தது. பள்ளிச் சோற்றை அலுமினியக் கிண்ணத்தில் போட்டு, மேலே நாலு துண்டை வைத்து, ஒரு கரண்டி எண்ணெய் மசாலாவை வழித்து ஊற்றி என் கையில் கொடுத்தார். மகள் இன்றைக்கு அடுக்குகிற அதே அடுக்குத்தான், சீஸ் மட்டும் இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "காரமாங்க?" என்றார். "ஆமாங்கக்கா" என்றேன்.

அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. ஆனால் ஸ்டோர் ரூமுக்குள் மட்டும். வெளியே வந்தால், மற்றவர்களைப் போல நானும், "ஏ ஆயா, தட்டைக் கழுவி வை" என்றுதான் சொல்லுவேன். அக்கா, "சரிங்க டீச்சர்" என்பார். ஒரே நிலைப்படி. உள்ளே ஒரு வாய், வெளியே ஒரு வாய். எனக்கு இதை எழுதக் கூசுகிறது, ஆனால் அப்போது கூசவில்லை. சாமர்த்தியம் என்றே நினைத்தேன்.

ஒருமுறை, வாராவாரம் அவர் பாத்திரம் ஏன் கறையாக வேண்டும் என்று, ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தூக்கை நீட்டினேன். அக்கா அதைத் திருப்பிப் பார்த்தார். மூடிக்குக் கீழே என் பெயர் வெட்டியிருந்தது.

"பேரு இருக்கு டீச்சர். இது வேணாம். எங்கயாவது மாட்டிக்கிட்டா ஒங்க பேருதான் வரும். என்னுதுலயே கொண்டாறேன்" என்றார்.

அந்தத் தை மாதம் அறுப்பு நின்றது. கதிர் சாய்ந்து கிடந்தது. ஒரு திங்கட்கிழமை, மிராசுதாரின் காரியஸ்தரும் தெரு ஆட்கள் நான்கு பேரும், பருப்பில் புழு இருக்கிறதாம், பார்க்க வேண்டும் என்று பள்ளிக்குள் வந்தார்கள். பருப்பை யாரும் பார்க்கவில்லை. நேரே ஸ்டோர் ரூமுக்குப் போய், அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து தூக்கை எடுத்து வந்தார்கள். நான் வராந்தாவில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தூக்கு என்னைத் தாண்டிப் போனது. அக்கா பின்னால் வந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஏழெட்டு ஐம்பத்தாறு என்றேன், பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள்.

தலைமை ஆசிரியர் தூக்கை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். மறுநாள் காலையிலேயே விசாரணை அதிகாரி ஜீப்பில் வந்துவிட்டார். மனு அவ்வளவு வேகமாகப் போயிருந்தது. முதலில் அக்காவை அறைக்குள் கூப்பிட்டார்கள். கால் மணி நேரம் இருக்கும். வெளியே வந்து, வராந்தாவில் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். காரியஸ்தர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் தூக்கு.

"இது யாரோடது, தெரியுமா?" என்று கேட்டார் அதிகாரி.

"சமையல்காரம்மாவோடது சார்."

பொய் இல்லை. தூக்கு அவருடையதுதான். கறி யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

"தெனமும் கொண்டாருவாங்களா?"

"நான் கவனிச்சதில்லை சார்."

இதுதான் முழுப் பொய். அதிகாரி எழுதிக்கொண்டார். அதோடு முடிந்திருக்கும். அவருக்கு என்ன தோன்றியதோ, பேனாவை வைத்துவிட்டுத் தூக்கின் மூடியைத் திறந்தார்.

சுக்கா வறுவல் ஒரு நாளில் கெடாது. மிளகும் சோம்பும் எண்ணெயும் ஊறி, முதல் நாளைவிட நன்றாக இருந்தது வாசம். நான் முந்தின நாள் மத்தியானமும் சாப்பிடவில்லை, ராத்திரியும் சாப்பிடவில்லை. வாயில் எச்சில் ஊறியது. காரியஸ்தர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்துவிடுவார் என்று தோன்றியது. முந்தானையை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டேன்.

"மூடுங்க சார். எனக்கு இந்த வாடையே ஆகாது" என்றேன்.

"பாவம், டீச்சரை அனுப்புங்க" என்றார் காரியஸ்தர்.

திரும்பும்போது ஜன்னலைப் பார்த்தேன். அக்கா அங்கேதான் நின்றார், முகம் வெளியே பார்த்திருந்தது. அதற்கு முன்னால் எங்கே பார்த்திருந்தது என்று எனக்குத் தெரியாது. நாற்பது வருஷமாக, துணி மடிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, அந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். பார்த்தாரா, பார்க்கவில்லையா.

அந்த வாரமே அக்காவுக்கு வேலை போனது. தெருவிலிருந்து வேறொருவரைப் போட்டார்கள். சங்கத்துக்காரர் பெண்டாட்டி என்று எந்த நிலக்காரரும் அவரை வயலில் இறக்கவில்லை. ஆற்றங்கரை செங்கல் காளவாயில் மண் மிதிக்கப் போகிறார் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் சைக்கிள் பாதையில் எதிரே வந்தார். முழங்கால் வரை சேறு. நான் பையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன். கோடை விடுமுறையில் மாறுதல் வாங்கிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் மாட்டுக்கறியைத் தொடவில்லை. அக்காவை நினைத்துத்தான் அதை விட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பயத்தில் விட்டேன்.

இவ்வளவும் மகளிடம் சொன்னேன். முந்தானையை மட்டும் சொல்லவில்லை. "நான் கவனிச்சதில்லை சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பாவத்தை ஒத்துக்கொள்ளும்போதும் அதில் பாதியை மடித்து உள்ளே வைத்துக்கொள்ள எனக்குத் தெரிகிறது.

மகள் இரண்டு கிண்ணங்களையும் எதிரெதிரே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். போட்டோ எடுக்கவில்லை. மேலே ஊற்றிய சீஸ் ஆறி, ஆடை கட்டியிருந்தது.

"அவங்க இருக்காங்களாம்மா?"

"இருக்காங்க. அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச பையன் ஒருத்தன் போன வருஷம் பார்த்தப்ப சொன்னான்."

"எங்க?"

"அதே ஊர்தான்."

"இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

"பஸ்ல ரெண்டு மணி நேரம்."

மகள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஸ்பூனை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். நானும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, அதுதான் கஷ்டம்.

மறுநாள் விடிந்ததும் நானே கடைக்குப் போனேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். "சின்னதா, பெருசாங்க?" என்றார் கடைக்காரர். பெருசாவே என்றேன். வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றாமல் வேகவைத்துச் சுக்காவாக வறுத்தேன். பொன்னி அரிசியை வடித்தேன். அப்படியே எடுத்துப் போயிருக்க வேண்டும். கிளம்பும் நேரத்தில், வெறும் வறுவலைக் கொண்டுபோய் அக்கா முன்னால் வைக்க எனக்கு முகமில்லை என்று தோன்றியது. மீதியிருந்த சீஸைத் துருவி, மகள் செய்தது போலவே சாஸ் கிண்டினேன். மேலே வெள்ளையாக எதையாவது ஊற்றி மறைக்காமல் அந்தக் கறியைக் கையில் எடுக்க எனக்குத் தெரியவில்லை. புதுச் சாப்பாடு, மகள் சொல்லிக்கொடுத்தது என்று பேச்சை ஆரம்பிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். எல்லாவற்றையும் பெயர் வெட்டிய அந்த எவர்சில்வர் தூக்கில் அடுக்கினேன்.

கும்பகோணத்தில் பஸ் மாறி உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கைச் சுளித்து, "என்னங்க அது வாடை?" என்றார். மடியில் இருந்த தூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சீஸுங்க" என்றேன்.

போகிற வழியிலேயே இப்படி. இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று குத்தாலம் வரும் வரை யோசித்துக்கொண்டே போனேன்.

சேரியில் இப்போது எல்லாம் அரசாங்கத் தொகுப்பு வீடுகள். அக்கா வாசல் சிமெண்ட் தளத்தில் உளுந்து செடியைக் காயப்போட்டுக் கோலால் தட்டிக்கொண்டிருந்தார். மெலிந்து, தலை முழுக்க நரைத்திருந்தது. வீட்டுக்காரர் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். தெருவில் நாலைந்து பேர் நின்றார்கள். "அக்கா" என்று கூப்பிட்டேன். வெளியில், ஆட்கள் முன்னால், அன்றுதான் முதல்முறை.

கோலை வைத்துவிட்டு நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வாங்க டீச்சர்" என்றார். நேற்றுப் பார்த்துப் பிரிந்தவர் போலச் சொன்னார்.

சாக்கைத் தட்டி விரித்து உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பற்றிச் சொன்னார். நான் தயாரித்து வைத்த எந்தப் பேச்சும் வரவில்லை.

"அக்கா, அன்னைக்கு அந்த ஆபீசர்கிட்ட நான் சொல்லியிருக்கணும். எனக்குக் கொண்டாந்ததுன்னு" என்றேன். அழுகை வந்துவிட்டது. அழுதால் அவர்தான் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

"அட, நீங்க என்னத்தைச் சொல்றது" என்றார் அக்கா. "என்னையத்தானே மொதல்ல கூப்புட்டாரு. கறி என்னுது, நான் திங்கக் கொண்டாந்தது, டீச்சருங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லி, கைநாட்டு வச்சுட்டுத்தானே வெளிய வந்தேன். எனக்கு எப்படியும் போவப் போற வேலை. ஒங்களுதும் சேந்து போவணுமா? நம்ம தெருப் புள்ள ஒண்ணு அந்த நாக்காலியில ஒக்காந்துருக்கு, அது எந்திரிக்க வேணாம்னு நெனச்சேன்."

அவர் ஒரு உளுந்து நெற்றை எடுத்து உரித்தார்.

"அப்புறமும் ஒங்களை எதுக்கு உள்ள கூப்புட்டாங்கன்னுதான் எனக்குப் புரியவேயில்ல" என்றார்.

அறைக்குள் போகும்போதே நான் காப்பாற்றப்பட்டிருந்தேன். எனக்கு எந்த ஆபத்தும் இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டு வந்திருந்தால் போதும். கவனித்ததில்லை என்பதும், வாடை ஆகாது என்பதும், தேவையே இல்லாமல் நானாகக் கொடுத்தது. உட்கார்ந்திருந்த சாக்கில் எனக்கு உடம்பு கூசியது.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் தூக்கை நகர்த்தி வைத்தேன். "கறிக்கா" என்றேன். பிறகு, "பெருசு. மேல ஊத்தியிருக்கறது சீஸு. எம்மவ சொல்லிக்கொடுத்தா."

அக்கா தூக்கைக் கையில் எடுத்துத் திருப்பினார். மூடிக்குக் கீழே விரலை ஓட்டிப் பார்த்தார். படிக்கத் தெரியாது, ஆனால் எழுத்து இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்தது. "ஒங்க தூக்கா" என்றார். மூடியைத் திறந்தார்.

மூன்று மணி நேரம் வெயிலிலும் பஸ்ஸிலும் வந்த சீஸ். புளித்த வாடை குப்பென்று மேலே வந்தது. அக்காவின் முகம் சுளித்தது. கை தன்னால் முந்தானையைப் பிடித்தது, மார்பைத் தாண்டி மேலே எழுந்தது, மூக்குக்கு நாலு விரற்கடை இருக்கும்போது நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையை மெதுவாகக் கீழே இறக்கி, மடியில் வைத்து, இடுப்பில் செருகிக்கொண்டார்.

பார்த்திருக்கிறார்.

செம்புத் தண்ணீரில் கையைக் கழுவினார். மேலே கட்டியிருந்த வெள்ளைச் சீஸ் ஆடையை ஒரு விரலால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டார்.